பொய்க் காய்ச்சல்



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'மனநலமும் விடுப்பும்'. கேட்பதற்குச் சாதுவான தலைப்புதான். ஆனால் அதற்குள்ளே நாம் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றி வருகிற ஒரு பொய் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பொய்யைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாம் முதன்முதலாக எழுதப் பழகிய கடிதம் எது? விடுப்பு விண்ணப்பம். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் திருவிழா என்றாலும் காய்ச்சல். அக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் காய்ச்சல். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றாலும் காய்ச்சல். வளர்ந்தோம், வேலைக்கு வந்தோம். கடிதம் மின்னஞ்சலாக மாறியது, மின்னஞ்சல் வாட்ஸ்அப்பாக மாறியது. காய்ச்சல் மட்டும் மாறவில்லை.

இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்தால் அலுவலகம் என்ற நினைப்பே நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது காரணம் இல்லாமல் கண் கலங்குகிறது. கோப்பைத் திறந்தால் நாலு வரி மனதில் ஏறவில்லை. இப்படி ஒரு காலை நேரத்தில் நாம் அதிகாரிக்கு என்ன எழுதுகிறோம்? "சார், ஃபீவர். இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும்." அவர் என்ன எழுதுகிறார்? "ஓகே. டேக் கேர்." உடம்பு சுட்டால் அனுதாபம் உடனே கிடைக்கிறது. மனம் சுட்டால்?

ஏன் நண்பர்களே காய்ச்சல்? ஏன் நம்மால் உண்மையைச் சொல்ல முடியவில்லை?

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மார்கஸ் டிரஸ்கோதிக் என்று இங்கிலாந்து அணியில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் இருந்தார். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். 2006 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், டெஸ்ட் தொடர் தொடங்குவதற்கு முன்பே, திடீரென்று ஊருக்குத் திரும்பிவிட்டார். ஏன் போனார்? சொந்தக் காரணம் என்றார்கள். பிறகு தொலைக்காட்சியில் கேட்டபோது, வைரஸ் தொற்று என்று அவரே சொன்னார். பார்த்தீர்களா? அவருக்கும் காய்ச்சல்தான்! மனச்சோர்வும் பதற்றமும் தன்னை உருக்குலைத்ததை 2008இல் வெளிவந்த தன்வரலாற்றில்தான் அவர் முழுமையாகச் சொன்னார்.

இன்னும் பின்னால் போவோம். 1972. அமெரிக்க அதிபர் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன். 1960களில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர், மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றவர். ஆனால் வெளியுலகம் அறிந்திருந்தது என்ன? வயிற்றுக் கோளாறு! அப்படித்தான் பத்திரிகையிலும் எழுதினார்கள். உண்மை வெளிவந்தது. வேட்பாளரான பதினெட்டாம் நாள் அவர் விலக நேர்ந்தது.

ஒருவருக்கு வைரஸ், ஒருவருக்கு வயிறு, நமக்குக் காய்ச்சல். நாடு வேறு, காலம் வேறு, தொழில் வேறு. பொய் ஒன்றேதான்.

அப்படியானால் உண்மையைச் சொன்னவர் யாருமே இல்லையா? இருக்கிறார். ஒரு நாட்டின் பிரதமராகவே இருந்துகொண்டு சொன்னவர் இருக்கிறார்.

நார்வே நாட்டின் ஷெல் மாக்னே பொந்தெவிக். 1997 அக்டோபரில் பிரதமரானவர். மூன்று கட்சிகள் சேர்ந்த சிறுபான்மை அரசு. பெரும்பான்மை இல்லை. தினமும் கயிற்றின் மேல் நடக்கிற ஆட்சி. 1998 ஆகஸ்ட் இறுதியில் அந்தப் பிரதமரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அவருடைய அலுவலகம் நாட்டுக்கு என்ன சொல்லியிருக்கலாம்? சளி என்று சொல்லியிருக்கலாம். முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் யார் போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவர் உண்மையைச் சொன்னார். வேலைச் சுமையால் பிரதமருக்கு மனச்சோர்வு ஏற்பட்டிருக்கிறது, மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்று அறிவித்தார்கள். அமைச்சர் ஆன்னே எங்கர் லான்ஸ்தைன் பிரதமர் பொறுப்பைக் கவனித்துக்கொண்டார்.

அடுத்து என்ன நடந்தது? ஆட்சி கவிழ்ந்ததா? இல்லை. நாடு நின்றுபோனதா? இல்லை. மக்கள் கேலி செய்தார்களா? ஆறுதல் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். ஏறத்தாழ மூன்றரை வாரம் கழித்து அவர் நாற்காலிக்குத் திரும்பினார். 2000இல் அவருடைய அரசு கவிழ்ந்தது உண்மைதான். ஆனால் அது இயற்கை எரிவாயு மின்நிலையம் பற்றிய கொள்கைச் சண்டையில் கவிழ்ந்தது, விடுப்பால் கவிழவில்லை. 2001இல் அவரே மீண்டும் பிரதமரானார். 2005 வரை ஆண்டார். 'மனச்சோர்வு' என்று ஊரறியச் சொன்ன ஒருவரிடம் ஒரு நாடு மறுபடியும் தன்னை ஒப்படைத்தது.

1972இல் ஒருவர் விலக்கப்பட்டார். 1998இல் ஒருவர் காக்கப்பட்டார். இருவரையும் பிடித்தது மனச்சோர்வுதான். வேறுபட்டது எது? சுற்றி இருந்தவர்கள்! இதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன். மனநலத்துக்காக விடுப்பு எடுப்பது தனி ஒருவரின் துணிச்சலைப் பொறுத்த காரியம் மட்டும் அன்று. உண்மையைச் சொன்னவருக்குச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்த காரியம்.

பொய் சொன்னால் என்ன கெட்டுப்போகும், லீவு கிடைத்தால் சரிதானே என்று சிலர் கேட்கலாம். கெட்டுப்போகிறது நண்பர்களே. காய்ச்சல் என்று எழுதியவர் மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும்? இரண்டு நாள், மூன்று நாள். மனச்சோர்வு மாதக்கணக்கில் இருக்கும். காய்ச்சல் என்று எழுதிய இடத்தில் நிர்வாகத்துக்கும் ஒன்றும் தெரியாது. நாலு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார், அதனால் அந்த மேசையில் வரிசையாக ஆட்கள் விழுகிறார்கள் என்பது பதிவேட்டில் எங்கும் ஏறாது. பதிவேட்டில் காய்ச்சல்தான் இருக்கும். ஏதோ பருவநிலை சரியில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்!

உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு கணக்குச் சொன்னது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது. உற்பத்தி இழப்பு, ஒரு லட்சம் கோடி டாலர். விடுப்பு கொடுத்தால் நட்டம் என்று சொல்லும் முதலாளிமார்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். விடுப்பு கொடுக்காமலே ஏற்படுகிற நட்டம் இது.

அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் இன்னொரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம். இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு அதிகம். மனம் வேறு, உடம்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறோமே, ரத்தக்குழாய்க்கு அந்தப் பிரிவினை தெரியாது.

சரி, களைப்பு எது, நோய் எது? இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலைக் களைப்பு எல்லோருக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் அது போய்விடும். போகவில்லை என்றால்? வேலையிடத்து நெருக்கடி நீண்ட காலம் தீராமல் இருந்தால் வருகிற சோர்வை 'பர்ன் அவுட்' என்கிறார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது. ஒன்று, உள்ளே எதுவுமே மிச்சமில்லை என்கிற அளவுக்குச் சோர்வு. இரண்டு, செய்யும் வேலை மீது ஒரு விலகல், ஒரு கசப்பு. மூன்று, என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றுதான் சொன்னது. கவனியுங்கள், ஊழியரின் பலவீனம் என்றும் சொல்லவில்லை!

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே கிடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், அதற்கு விடுப்பு மட்டும் போதாது. அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. கொடைக்கானல் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுப்பு என்பது சிகிச்சைக்கு வழிவிடுகிற நேரம். அதுவே சிகிச்சை ஆகிவிடாது.

இங்கே ஒரு தடை குறுக்கே நிற்கிறது. மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? 1794இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்த மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. அது இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரை நாம் வசைச் சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். சினிமாவில் சிரித்தோம், பள்ளிக்கூடத்தில் சிரித்தோம், அலுவலகத்திலும் சிரிக்கிறோம். பக்கத்து மேசைக்காரர் ஏன் காய்ச்சல் என்று எழுதினார் தெரியுமா? நம் சிரிப்பைக் கேட்டுத்தான் எழுதினார்.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்குமான சட்டம் 1947லிருந்து இருக்கிறது. ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. நோய்க்கு 12 நாள். நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் தற்செயல் விடுப்பு. மனம் சரியில்லை என்பது நியாயமான காரணம் இல்லையா? 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மனநோயை உடல் நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஈஎஸ்ஐ திட்டத்தில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்டகால நோய்களுக்குக் கூடுதல் காலம் உதவி தருகிற பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. சைக்கோசிஸ் எனப்படும் கடுமையான மனநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சட்டத்தில் இருக்கிறது. எடுக்கிறோமா? இங்கே நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சரண் விடுப்பு உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துவிட்டுப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் 2020இல் அதை நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கேட்டுச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தன. அதைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அந்தப் பணத்தில்தான் கட்டப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விற்பது எதை? நம் ஓய்வை. அதை விற்றால்தான் குடும்பம் நடக்கும் என்றால், அது சம்பளத்தைப் பற்றிய கேள்வியும்தான் இல்லையா?

ஜப்பானில் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். அதிக வேலையால் மனிதர்கள் செத்து விழுவதற்கு 'கரோஷி' என்று ஒரு பெயரே ஏற்பட்டுவிட்ட நாடு அது. அதைத் தடுக்க 2014இல் ஒரு சட்டம் போட்டார்கள். விடுப்பு இருந்தும் மக்கள் எடுக்கவில்லை. சகாக்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்! அதனால் 2019 ஏப்ரலிலிருந்து, பத்து நாளோ அதற்கு மேலோ ஆண்டு விடுப்பு உள்ள ஒவ்வோர் ஊழியரையும் குறைந்தது ஐந்து நாளாவது விடுப்பு எடுக்க வைப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை ஆயிற்று. கேட்டால் கொடுப்பேன் என்பது பழைய முறை. எடுக்க வைப்பது என் பொறுப்பு என்பது புதிய முறை.

இதுவரை பேசியது விடுப்பு உள்ளவர்களைப் பற்றி. விடுப்பே இல்லாதவர்களை என்ன செய்வது? திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணுக்கு ஏது விடுப்பு? மழையில் சாப்பாட்டுப் பை சுமக்கும் ஸ்விக்கி, சொமேட்டோ தம்பிக்கு ஏது விடுப்பு? அவர் செயலியை அணைத்தால் அன்றைய வருமானமும் அணைந்துவிடும். "மன அழுத்தமா? ஒரு வாரம் ஓய்வெடுங்கள்" என்று அவரிடம் சொன்னால் அது ஆறுதலா, கேலியா?

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை; அன்றைக்குத்தான் அடுக்களையில் இரட்டை வேலை! வருடம் முழுக்க உழுத மாட்டைக்கூட மாட்டுப் பொங்கல் அன்று நாம் ஏரில் பூட்டுவதில்லை. குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி நிறுத்துகிறோம். அன்றைக்கும் பொங்கல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறவர் யார்? அம்மாதான்!

மனம் தளர்ந்துவிட வேண்டாம். ஓய்வு என்பது இந்த மண்ணில் யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது! அந்தச் சங்கத்தைக் கட்டிய வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் திரு.வி.க.வும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். 1923 மே 1இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அண்மைக்கு வாருங்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது, எதிர்ப்பு எழுந்தது, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நேற்று நாற்காலி கேட்டோம், கிடைத்தது. இன்று மனதுக்கும் சேர்த்துக் கேட்போம்.

இன்னும் ஒன்று. இந்த மாதிரிப் பேச்சுகளில், ஓய்வெடுத்தவர் திரும்பி வந்து சாதித்தார் என்றே முடிப்பார்கள். என்னாலும் சொல்ல முடியும். விராட் கோலி 2022இல் ஒரு மாதம் மட்டையைத் தொடாமல் இருந்தார், செப்டம்பரில் ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளிக்குப் பிறகு சதம் அடித்தார். கைதட்டுவீர்கள். ஆனால் டிரஸ்கோதிக்? 2008இல் சர்வதேச ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். தனக்கு ஒத்துவந்த அளவில், சோமர்செட் கவுண்டி அணிக்காக 2019 வரை ஆடினார். அதுவும் வாழ்வுதான். ஓய்வுக்கு நியாயம் தேடிச் சதத்திடம் போக வேண்டாம். சதம் அடிக்காதவருக்கும் ஓய்வு உரிமைதான்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள்.

அதிகாரிகளாக இருப்பவர்களே, ஓர் ஊழியர் வந்து மனசு சரியில்லை என்று சொன்னால், "எல்லோருக்கும்தான் டென்ஷன்" என்று சொல்லாதீர்கள். "எத்தனை நாள் வேணும்? உங்க வேலையை யார்கிட்ட கொடுக்கலாம்?" இந்த இரண்டு கேள்வி போதும். விடுப்பில் இருப்பவரை வாட்ஸ்அப் குழுவில் கூப்பிடாதீர்கள். அவர் திரும்பி வரும்போது, தேங்கிய கோப்புகளை எல்லாம் முதல் நாளே மேசையில் அடுக்காதீர்கள். வேலைச் சுமை மாறாமல் கொடுக்கிற விடுப்பு, நாலு வாரத்தில் கரைந்துபோகும்.

ஊழியர்களே, விழுவதற்கு முன்பே விடுப்பு எடுங்கள். எடுத்த நாளில் தூங்குங்கள், நடங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், தேவையென்றால் மருத்துவரைப் பாருங்கள். மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் வேலையை ராஜினாமா செய்யும் முடிவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த முடிவைத் தெளிந்த பிறகு எடுக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

சங்கத் தோழர்களே, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: மனநலத்துக்காக எடுக்கும் விடுப்புக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை, பதவி உயர்வில் பாதிப்பு இல்லை, காரணம் வெளியே கசியாது. இந்த மூன்றும் உறுதியானால்தான் ஒரு தொழிலாளி துணிந்து உண்மையை எழுதுவார். அந்த உறுதியைத் தராமல் அவரைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.